ஐரிஸுக்கு மண் அணைக்காதீர்கள்

கேள்வி இதுதான்: டொரண்டோவின் ஸ்கார்பரோவில் வீடு. இரண்டு வருடத்துக்கு முன் இலையுதிர்காலத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஐரிஸ் என்கிற பூச்செடியின் கிழங்கு ஒரு கூடை கொடுத்தார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்தில் நட்டு, மூட்டை மாட்டு எரு போட்டு, மேலே மரச்சீவலும் பரப்பி, தினமும் தண்ணீர் விட்டு வந்திருக்கிறீர்கள். முதல் வருடம் இரண்டு பூ. இந்த ஜூனில் ஒன்றுகூட இல்லை. இலைகள் மஞ்சளாகிச் சாய்கின்றன, அடியைத் தொட்டால் கொழகொழவென்று இருக்கிறது, நாற்றம் வேறு. காப்பாற்ற முடியுமா, தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு துண்டு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காப்பாற்றலாம். ஜூலையில் கேட்டதும் நல்லதாகப் போயிற்று, தோண்டிப் பிரித்து நட வருடத்திலேயே சரியான காலம் இதுதான். அம்மா விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். உங்கள் மேல் தப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கனடா வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். ஏழு கொத்து நட்டு ஒன்று மிஞ்சியது. காரணம் சோம்பல் இல்லை, கவனிப்புதான். நாம் பார்த்து வளர்ந்த கிழங்கு இஞ்சியும் மஞ்சளும். அதற்கு மண் அணைக்க வேண்டும், எரு போட வேண்டும், ஈரம் காயக் கூடாது, வெயில் கிழங்கில் படக் கூடாது. கை தானாக அதைச் செய்துவிடுகிறது. தாடி ஐரிஸ் இதில் ஒவ்வொன்றிலும் நேர் எதிர்.

(தாடி ஐரிஸ் என்றால், தொங்குகிற மூன்று இதழ்களின் மேலும் கம்பளிப்புழு படுத்திருப்பது போல மயிர்க்கோடு இருக்குமே, அந்த வகை. ஐரிஸில் ஏறக்குறைய 300 இனங்கள் உண்டு. இங்கே வீட்டுத் தோட்டங்களில் கைமாறிக் கைமாறி வருவது பெரும்பாலும் இந்தத் தாடிக்காரர்தான். நீங்கள் சொல்லும் தடித்த கிழங்கையும் வாள் போன்ற இலையையும் வைத்துப் பார்த்தால் உங்களுடையதும் அதுவே.)

இந்தச் செடியின் மூதாதைகள் மத்தியதரைக்கடல் பக்கத்துக் கல்லும் சரளையுமான சரிவுகளில் வளர்ந்தவை. அங்கே கோடையில் மழை கிடையாது. வெயிலில் காய்ந்து கிடந்து அடுத்த வருடத்துக்குத் தயாராவது அவற்றின் பழக்கம். அதனால் கிழங்கின் மேல்முதுகு வெளியே தெரிய வேண்டும். குளத்தில் எருமை படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், உடம்பு தண்ணீருக்குள், முதுகு மட்டும் வெளியே. கிழங்கு மண்ணில் அப்படித்தான் படுத்திருக்க வேண்டும். அதை மூடி, ஈரமாக்கி, தழைச்சத்தும் ஏற்றினால் இலை மட்டும் கொழுத்து வளரும், திசு மெத்தென்று ஆகும், பாக்டீரியாவுக்கு விருந்து.

அந்த நாற்றம் மென்னழுகல் என்கிற நோயின் நாற்றம். பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா செய்கிற வேலை. பழைய புத்தகங்களில் எர்வினியா என்று இருக்கும். கூடையில் அடியில் கிடந்த உருளைக்கிழங்கு அழுகினால் ஒரு வாடை வருமே, அது நினைவுக்கு வந்திருந்தால் உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் அழுக வைக்கும் அதே கூட்டம் இது. ஆனால் அது முழுத்தோலைத் துளைத்து உள்ளே போவதில்லை, ஒரு காயம் வேண்டும். காயத்தை யார் போடுகிறார்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஒண்டாரியோவில் அந்த ஆள் பெரும்பாலும் ஐரிஸ் துளைப்பான் என்கிற புழு. சாம்பலும் பழுப்புமான ஒரு அந்துப்பூச்சி செப்டம்பர், அக்டோபரில் ஐரிஸின் வாடிய இலைகளில் முட்டையிடும். முட்டை பனிக்காலம் முழுக்க அந்தச் சருகிலேயே கிடக்கும். ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் நூலிழை போலக் குட்டிப்புழு வெளியே வந்து, இளம் இலையில் குண்டூசித் துளை போட்டு உள்ளே நுழையும். இலையின் இரண்டு படலத்துக்கும் நடுவே தின்றுகொண்டே கீழே இறங்கி, ஜூலை வாக்கில் கிழங்குக்குள் போய் உட்கார்ந்துவிடும். அப்போது அது சுண்டுவிரல் பருமன், வெளிர் ரோஜா நிறம், பழுப்புத் தலை. பிறகு ஆகஸ்டில் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு ஆகிவிடும். புழு குடைந்த ஓட்டை வழியாகத்தான் அழுகல் உள்ளே வருகிறது. ஆகவே கொழகொழப்பை மட்டும் சுரண்டிவிட்டுப் புழுவை விட்டுவிட்டால் பாதி வேலைதான் செய்ததாகும். தோண்டும்போது ஒவ்வொரு கிழங்கையும் புரட்டி ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கத்தியை வைத்துப் பிளந்தே பார்த்துவிடுங்கள். முதல் முறை பார்க்கும்போது கொஞ்சம் குமட்டும். பழகிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். மழை இல்லாத இரண்டு மூன்று நாளைத் தேர்ந்தெடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இதன் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். மண்வெட்டியைவிட முள் வைத்த தோட்டக் கரண்டி நல்லது, கிழங்கு வெட்டுப்படாது. கொத்தை அப்படியே நெம்பி எடுத்து, ஹோஸ் தண்ணீரில் மண் போகக் கழுவினால் உள்ளே நடப்பது தெளிவாகத் தெரியும். நடுவில் இலையே இல்லாமல் சுருங்கிப் பழைய இஞ்சி போலக் கிடப்பவை தாய்க்கிழங்குகள். ஒரு கிழங்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்த பிறகு பக்கவாட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓய்ந்துவிடும். கொத்து மூன்று நான்கு வருடத்தில் பூக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் கிழடுகள் இடத்தை அடைத்துக்கொள்ள, பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கிழடுகளைத் தயங்காமல் கழித்துக் கட்டுங்கள். விசிறி போல இலை விரிந்து, அடியில் விரல் நீளத்துக்குக் கெட்டியான கிழங்கும், கீழே வெள்ளை வேரும் உள்ள இளசுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லேசாக அழுகியதைக் காப்பாற்ற ஒரு பழைய ஸ்பூன் போதும். கொழகொழப்பு முழுவதையும் வழித்து, உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் சதை வரும்வரை போங்கள். பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெட்டுவாயில் ஊற்றுங்கள். கத்தியையும் ஒவ்வொரு கிழங்குக்கு நடுவிலும் அதில் முக்கி எடுக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் நீங்களே நோயைப் பரப்பியதாகும். பாதிக்கு மேல் போன கிழங்கோடு மல்லுக்கட்டாமல் குப்பைக்கு அனுப்புங்கள், மக்கு உரத் தொட்டிக்கு வேண்டாம். என் அம்மா போனில் சொன்னார் என்று ஒரு தடவை வெட்டுவாயில் மஞ்சள் தூள் அப்பினேன். அந்தக் கிழங்குகள் பிழைத்தன. மஞ்சளாலா, நன்றாகக் காய விட்டதாலா என்று கேட்டால் காய்ந்ததால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அம்மாவிடம் அப்படிச் சொல்லவில்லை.

இலையை ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, ஆறு அங்குலம் விட்டு வெட்டுங்கள். வேர் அறுபட்ட செடியால் முழு இலைக்கும் தண்ணீர் இறைக்க முடியாது, அதற்காகத்தான். நகர்த்தி நடும்போது மட்டும் செய்ய வேண்டிய காரியம் இது. பூ முடிந்ததும் அழகுக்காக எல்லா இலையையும் கத்தரிக்கிற பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு, வேண்டாம். அடுத்த வருடப் பூவுக்கான சாப்பாட்டை அந்த இலைதான் கோடை முழுக்கச் சமைக்கிறது.

வெட்டிய கிழங்குகளை நிழலில், காற்றோட்டமாக, ஓரிரண்டு நாள் காய விடுங்கள். அழுகல் சுரண்டிய கிழங்கை மட்டும் வெயிலில் வையுங்கள். செத்துவிடுமோ என்று பயம் வேண்டாம், தபாலில் இரண்டு வாரம் கிடந்து வருகிற கிழங்கே தழைக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், சமையலறையில் காய வைக்க வேண்டாம். பார்க்க அசல் இஞ்சிதான். ஆனால் தின்றால் வாந்தியும் பேதியும் ஆகும், நாய் பூனைக்கும் ஆகாது.

இடம் மாற்றுவது கட்டாயம். குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் நீங்கள் என்ன பக்குவம் செய்தாலும் நிற்காது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும், தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். தெற்குப் பார்த்த சுவரோரம் கிடைத்தால் நல்லது. ஸ்கார்பரோ பக்கம் பல வீடுகளில் மண் களி, மழை பெய்தால் அப்பளமாவு போல ஒட்டும். அங்கே குழி தோண்டி நட்டால் அது குழி இல்லை, கிண்ணம். நம் ஊரில் பார் போடுவது போல மண்ணை ஒரு ஜாண் உயர்த்தி மேடாக்கி, கொஞ்சம் சரளையும் மக்கு உரமும் கலந்து அதன் மேல் நடுங்கள். மேட்டின் உச்சியில் கிழங்கை வைத்து, வேர்களை இரு பக்கமும் சரிவில் இறக்கி விடுங்கள், குதிரை மேல் ஏறியவன் இரு பக்கமும் காலைத் தொங்கப் போடுவது போல. வேர் மேல் மண்ணைப் போட்டுக் கையால் நன்றாக அழுத்துங்கள். முதுகு வெளியே தெரியட்டும். ஒன்றுக்கொன்று ஒரு அடி முதல் ஒன்றரை அடி இடைவெளி. மூன்று கிழங்கை முக்கோணமாக, மொட்டைப் பக்கம் உள்ளே, விசிறிப் பக்கம் வெளியே பார்க்க வைத்தால் வெளிப்பக்கமாகவே பரவும், சீக்கிரம் நெருக்கிக்கொள்ளாது. ஆகஸ்ட் முடிவதற்குள் நட்டுவிட்டால் கடும் உறைபனிக்கு முன் வேர் பிடித்துவிடும். உங்களுக்கு அக்டோபர் வாக்கில் கிழங்கு கைக்கு வந்திருந்தால், முதல் வருடம் அவை தடுமாறியதில் அதற்கும் பங்கு இருக்கும்.

நட்டதும் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு மழை இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை, மூன்று வாரத்துக்கு. அவ்வளவுதான். வேர் பிடித்த பிறகு நீடித்த வறட்சி வந்தால் ஒழிய ஹோஸைத் திருப்பவே வேண்டாம். எருவும் வேண்டாம். வசந்தத்தில் இலை கிளம்பும்போது 5-10-10 போல முதல் எண் குறைந்த உரம் ஒரு கைப்பிடி, கிழங்கின் மேல் படாமல் சுற்றித் தூவினால் போதும். உரப்பையில் முதல் எண்தான் தழைச்சத்து. புல்தரைக்குப் போடும் உரத்தில் அது மிக அதிகம், பக்கத்துப் புல்லுக்குத் தூவும்போது இந்தப் பாத்தியில் சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரச்சீவல் ஒன்றுகூட வேண்டாம். பாத்தி மொட்டையாகத் தெரிகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நட்ட முதல் குளிர்காலத்தில் மண் உறைவதும் இளகுவதுமாக மாறி மாறி வரும்போது, வேர் நன்றாகப் பிடிக்காத கிழங்கை மண் வெளியே தள்ளிவிடும். மார்ச்சில் போய்ப் பார்த்தால் வேர் ஆகாயத்தைப் பார்த்துக் கிடக்கும். அப்படி இருந்தால் கையால் அழுத்தி வைத்தால் போதும். குளிரைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது இதற்கு மருந்து.

புழு விஷயத்தில் இணையத்தில் தேடினால் அமெரிக்கர்கள் சொல்லும் பூச்சிமருந்துப் பெயர்களாக வரும். ஒண்டாரியோவில் வீட்டுத் தோட்ட அழகுக்காக அப்படிப்பட்ட மருந்துகள் அடிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் தடை. ஆகவே கைதான் மருந்து. உறைபனி விழுந்து இலை படுத்த பிறகு, நவம்பர் வாக்கில், பழைய இலைகள் அத்தனையையும் அடியோடு எடுத்து, தோட்டக் கழிவுக்கான காகிதப் பையில் கட்டி அனுப்புங்கள். முட்டை அதோடு போய்விடும். இந்த ஒரு வேலையை வருடா வருடம் ஒழுங்காகச் செய்கிற வீட்டில் துளைப்பான் தொல்லை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியும் செய்தால் இன்னும் நல்லது, அந்துப்பூச்சிக்கு வேலி கிடையாதே. மே மாதத்தில் வாரம் ஒரு முறை விசிறிகளைப் பாருங்கள். இலை ஓரம் ரம்பம் போல அரிபட்டிருந்தாலோ, நனைந்த மாதிரி ஒரு கோடு கீழே இறங்கினாலோ, உள்ளே ஆள் இருக்கிறது. கோட்டின் அடியிலிருந்து விரலால் அழுத்திக்கொண்டே மேலே வாருங்கள், நசுங்குவது விரலுக்கே தெரியும். இதையும் மீறி வந்தால், துளைப்பானைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களை மண்ணில் விடுகிற முறை உண்டு, செடிக்கடைகளில் பொட்டலமாகக் குளிர்பெட்டியில் வைத்து விற்பார்கள். எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.

இலைகளில் பழுப்புப் புள்ளிகள் வருவது வேறு, அது பூஞ்சை. பார்க்க அசிங்கம், செடி சாகாது. புள்ளி விழுந்த நுனியை வெட்டிவிட்டால் போதும்.

பூவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரித்து நட்டதற்கு அடுத்த ஜூனில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சில விசிறிகள் பூக்கும், சில பூக்காது. அதற்கடுத்த வருடம்தான் கொத்து தன் உண்மையான முகத்தைக் காட்டும். டொரண்டோ பக்கம் உயரமான வகைகள் மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை பூக்கும். ஒரு பூ மூன்று நாள் நின்றால் அதிகம், ஆனால் ஒரு தண்டில் ஏழெட்டு மொட்டு வரிசையில் காத்திருக்கும். வாடியதைக் கையால் கிள்ளிவிட்டால் அடுத்தது தடையில்லாமல் விரியும். சரியாக அந்த வாரம் பார்த்து ஒரு இடிமழை வந்து தண்டுகளைச் சாய்த்துப்போடும், இது வருடா வருடம் நடக்கிற கூத்து. மெல்லிய குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். அப்போது ஒரு ஞாயிறு ஓய்வாக இருந்தால் பர்லிங்டனில் ராயல் பொட்டானிக்கல் கார்டன்ஸின் லேக்கிங் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். ஐரிஸ் பாத்தி பாத்தியாக நிற்கும். கிழங்கு எப்படிப் படுத்திருக்க வேண்டும் என்பதை நான் எழுதுவதைவிட அங்கே குனிந்து பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும்.

இன்னும் வேண்டுமென்று ஆசை வந்தால் இரண்டு வார்த்தை. அந்தக் குழாயடி ஈரத்தையும் வீணாக்க வேண்டாம், அங்கே சைபீரிய ஐரிஸ் வையுங்கள். அதற்குத் தாடி இல்லை, இலை ஒல்லி, ஈரம் பிடிக்கும், கிழங்கை மண்ணால் மூடித்தான் நட வேண்டும். கியூபெக் மாகாணம் 1999ல் தன் மலராக அறிவித்த நீல ஐரிஸும் நம் பக்கத்து ஈரநிலங்களில் இயற்கையாக வளர்வதுதான், அதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தும். யாராவது மஞ்சள் பூ பூக்கும் நீர் ஐரிஸ் கொடுத்தால் மட்டும் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே ஓடைக்கரைகளையெல்லாம் வளைத்துக்கொண்ட ஆக்கிரமிப்புச் செடி அது.

இனி அம்மா. கிழங்கை அனுப்பாதீர்கள். இறக்குமதி அனுமதியும் செடிநலச் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் செடி கொண்டுபோகக் கூடாது, அது ஒரு பக்கம். சட்டம் விட்டாலும் தஞ்சாவூர் விடாது. தாடி ஐரிஸுக்குப் பூக்கச் சில வாரக் கடுங்குளிர் வேண்டும். அது இல்லாத இடத்தில் கொஞ்ச நாள் இலை விட்டுக்கொண்டிருக்கும், வடகிழக்குப் பருவமழை வந்ததும் அழுகிவிடும். அம்மாவுக்குப் பொருத்தமான ஐரிஸ் ஒன்று நம் பக்கமே இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் சிவப்புப் புள்ளி தெளித்த ஆறிதழ்ப் பூ, இலை இதே போல விசிறி. காய் வெடித்தால் கறுப்பு மணிகள் கொத்தாக நிற்கும், அதனால் ஆங்கிலத்தில் பிளாக்பெரி லில்லி என்பார்கள். பெலம்கண்டா என்று இதற்கு இருந்த தாவரவியல் பெயர் மலையாளப் பேரிலிருந்து எடுத்தது. மரபணுவைப் பார்த்துவிட்டு 2005ல் இதையும் ஐரிஸ் என்ற பெயருக்குள்ளேயே, ஐரிஸ் டொமஸ்டிகா என்று, சேர்த்துவிட்டார்கள். வெப்பத்தைத் தாங்கும், விதையிலிருந்தே வரும், தொட்டியிலும் வளரும், தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். நர்சரியில் பூவின் படத்தைக் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். ஐரிஸ் என்று மட்டும் சொன்னால் வேறு எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.